பாறையின் நாடி பார்ப்பவர் யார்?

(தொலைக்காட்சிக் கருத்து மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேக்காவுக்குக் காய்கறி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கூட்டம் அப்படி. ஆனால் சுரங்க ரயில் பாதை தோண்டப்படும் வட்டாரங்களில் சற்றே தலையை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்குச் சுவரில் ஒன்று தென்பட்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய கண்ணாடிக் கட்டி. உலோகச் சட்டத்தில் பொருத்தி, பழைய கடைவீட்டின் மாடிச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். கண்காணிப்புக் கேமரா என்று பலர் நினைத்துக்கொள்வது உண்டு. அது கேமரா அல்ல. மனிதர்களை வேவு பார்ப்பது அதன் வேலையும் அல்ல. அது பார்ப்பது தரையை.

தெருவின் மறுபக்கத்தில் முக்காலியிலோ கம்பத்திலோ ஓர் அளவைக் கருவி நிற்கும். அது இரவு பகலாக ஒளிக்கதிரை அந்தக் கண்ணாடிமீது பாய்ச்சும். கதிர் திரும்பி வரும். போன தடவை இருந்த இடத்திலேயே கண்ணாடி இருக்கிறதா, இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறதா என்று கருவி கணக்குப் பார்க்கும். கண்ணாடி இறங்கினால் சுவர் இறங்கியது என்று பொருள். சுவர் இறங்கினால் அடியில் மண் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

லிட்டில் இந்தியாவுக்கு வடகிழக்குப் பாதை ரயில் 2003ஆம் ஆண்டிலும், டௌன்டவுன் பாதை ரயில் 2015ஆம் ஆண்டிலும் வந்தன. அடுத்த நிலையமான ரோச்சோரை ஒட்டிய பகுதியில் கால்வாயையும் சாலையையும் இடம் மாற்றிவிட்டுத்தான் சுரங்கம் அமைக்க முடிந்தது. காரணம், ரோச்சோர், காலாங் பகுதிகளில் கீழே இருப்பது கடல் களிமண். வெண்ணெய்போல் மிருதுவான மண். மேலே நூறாண்டுப் பழைமையான கடைவீடுகள், கீழே அந்த மண். நடுவில் காவல் இருப்பவை இந்தச் சின்னஞ்சிறு கருவிகள்தாம்.

இன்றைய பேச்சு அந்தக் கருவிகளைப் பற்றியது. ஆனால் தேக்காவோடு நின்றுவிடப் போவதில்லை. இதே கருவிகளின் உறவுக்காரர்கள் உலகின் வேறு சில இடங்களில், நானூறு மீட்டர் ஆழத்தில், மனிதன் இதுவரை உண்டாக்கியவற்றிலேயே மிக ஆபத்தான குப்பைக்குக் காவல் இருக்கிறார்கள். அதுதான் அணுக்கழிவு.

சிங்கப்பூருக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் அணுமின் நிலையம் இல்லை. 2012ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு முன்னாய்வை முடித்து, அப்போதிருந்த அணு உலைகள் இந்தச் சிறிய, நெரிசலான தீவுக்குப் பொருந்தாது என்று சொன்னது. ஆனால் கதவு இழுத்துப் பூட்டப்படவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரும் அமெரிக்காவும் அமைதி வழி அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில், அணுசக்தியைப் பயன்படுத்தும் சாத்தியம் ஆராயப்படும் என்று பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஆராய்வது என்றால் கட்டுவது என்று பொருள் இல்லை. இருந்தாலும், ஆராயும்போதே கேட்க வேண்டிய கேள்விகளைக் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அணுமின்சாரம் பற்றிப் பேசும்போது எல்லாரும் உலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வெடிக்குமா, வெடிக்காதா என்கிறார்கள். சமையல் முடிந்தபின் மிஞ்சும் சாம்பலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் வெளியே எடுக்கப்பட்ட பிறகும் சூடாக இருக்கிறது. பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அதைக் குளிர்விக்க வேண்டும். அதற்குப் பிறகும் சூடு முழுவதும் போகாது. கதிரியக்கமோ லட்சம் ஆண்டுக் கணக்கில் நீடிக்கும்.

மனிதன் எழுதக் கற்றுக்கொண்டே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது. லட்சம் ஆண்டுக்குக் காவல் போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால் விஞ்ஞானிகள் பாறையைக் காவலுக்கு வைக்கலாம் என்றார்கள். பல கோடி ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் பாறையின் வயிற்றில் கழிவை வைத்து மூடிவிடுவது என்பது திட்டம்.

இதில் முன்னணியில் இருப்பது பின்லாந்து. ஓல்கிலுவோட்டோ என்ற தீவில், நூற்று எண்பது கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமையுள்ள பாறையில், 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ‘ஒன்கலோ’ என்ற கிடங்கைக் குடைந்திருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் தோண்டத் தொடங்கினார்கள். உண்மையான கழிவு இல்லாமல் ஒத்திகை ஓட்டம் தொடங்கியது 2024ஆம் ஆண்டில். இருபது ஆண்டுகள் பாறையைப் படித்தார்கள், அளந்தார்கள், மறுபடியும் அளந்தார்கள்.

பாறைக்குள் நடப்பது என்ன?

பாறை என்றால் அசையாதது என்று பொருள் கொள்கிறது பேச்சுவழக்கு. ‘கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்’ என்பார்கள். ஆனால் பாறையில் ஒரு குகை குடைந்தால் சும்மா இருக்காது. மேலே உள்ள பல கோடி டன் எடையை அதுவரை அந்த இடத்துக் கல் தாங்கிக்கொண்டிருந்தது. கல்லை எடுத்துவிட்டால் அந்தச் சுமை பக்கத்துச் சுவர்களுக்கு மாறுகிறது. சுவர் மெல்ல உள்ளே பிதுங்குகிறது. பழைய விரிசல்கள் திறக்கின்றன. புதிய விரிசல்கள் பிறக்கின்றன.

இத்துடன் அணுக்கழிவின் சூடும் சேர்கிறது. சூடு பட்டால் கல் விரியும். விரிய இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கும். விரிசலில் இருக்கும் நிலத்தடி நீரும் சூடேறும். அதன் அழுத்தம் கூடும். புதிய வழி தேடும். அந்த நீர்தான் எல்லாரும் பயப்படும் ஆள். பெட்டி அரித்து, நீர் உள்ளே போய், கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு மேலே வந்துவிட்டால் பாறைக் காவல் தோற்றதாகப் பொருள்.

ஆகவே அளக்க வேண்டியவை நான்கு. பாறை எவ்வளவு நகர்கிறது? எவ்வளவு நெருக்கப்படுகிறது? எவ்வளவு சூடாகிறது? தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது? எல்லாக் கருவிகளும் இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான் வருகின்றன.

நகர்வை அளக்க ‘எக்ஸ்டென்சோமீட்டர்’ என்ற கருவி இருக்கிறது. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. குகைச் சுவரில் நீளமான துளை போடுவார்கள். துளைக்குள் பல ஆழங்களில் இரும்புக் கம்பிகளின் நுனியைச் சிமெண்டால் பாறையோடு பிணைப்பார்கள். கம்பியின் மறுமுனை சுவரின் வாயில் நிற்கும். சுவர் பிதுங்கும்போது, ஆழத்தில் பிணைத்த கம்பி அசையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றாலும் தெரிந்துவிடும். பல ஆழங்களில் கம்பி இருப்பதால், பாறை எந்த ஆழத்தில் பிரிகிறது என்பதும் புலப்படும்.

நெருக்கத்தையும் நீர் அழுத்தத்தையும் அளக்க ‘அதிரும் கம்பி’ முறை பரவலாகப் பயன்படுகிறது. வீணை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். முறுக்காணியைத் திருகித் தந்தியை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதே நியாயம்தான் இங்கும். ஓர் எஃகுக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிப் பாறைக்குள் புதைத்துவிடுகிறார்கள். மின்காந்தம் ஒன்று அந்தக் கம்பியை மீட்டிவிடும். பாறை நெருங்கினால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். விரிந்தால் இறுகிச் சுருதி ஏறும். வெளியே இருக்கும் பெட்டி அந்தச் சுருதியை எண்ணாக மாற்றித் தரும். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மின்சாரத்தின் அளவை நம்பும் கருவிகளுக்குக் கேபிள் நீண்டால் எண் மாறிப்போகும். சுருதி அப்படி மாறாது. பக்கத்தில் கேட்டாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கேட்டாலும் அதே சுருதிதான்.

சூட்டையும் நீட்சியையும் ஒருசேர அளக்கக் கண்ணாடியிழைக் கேபிள் வந்திருக்கிறது. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே வகை இழைதான். அதனுள் ஒளியை அனுப்பினால் வழி நெடுகிலும் துளித்துளியாக ஒளி திரும்பி வரும். திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரம் இடத்தைச் சொல்லும். ஒளியின் நிறத்தில் நேர்ந்த மாற்றம் அந்த இடத்தின் சூட்டையும் இழுவையையும் சொல்லும்.

கடைசியாக, காது. ‘ஜியோஃபோன்’ என்ற ஒலிவாங்கிகளைப் பாறையில் பல இடங்களில் பதித்துவிடுவார்கள். கல் விரியும்போது எழும் மெல்லிய ஒலி எந்தக் காதுக்கு முதலில் கேட்டது, எதற்கு அடுத்து கேட்டது என்று பார்த்து, விரிசல் விழுந்த இடத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

தங்கவயலில் ஒரு சோதனை

இவையெல்லாம் ஐரோப்பியர் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஓர் இடத்தில் இதே சோதனை நடந்திருக்கிறது. அதுதான் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல்.

1880களில் ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று.

அவ்வளவு ஆழத்தில் அவர்களுக்குப் பெரும் எதிரி ‘பாறை வெடிப்பு’. நெருக்கம் தாங்காமல் கல் திடீரென்று வெடித்துச் சிதறும். கீழே வேலை செய்தவர்கள் செத்தார்கள். மேலே ஊரில் வீடுகள் அதிர்ந்தன, சுவர்கள் பிளந்தன. எத்தனையோ குடும்பங்களில் பாட்டன், முப்பாட்டன் கதை அந்த வெடிப்போடு முடிந்திருக்கிறது. அதனால்தான் பாறையின் ஒலியைக் கேட்கும் கருவிகள் தங்கவயலுக்கு மற்ற இடங்களைவிட முன்னதாகத் தேவைப்பட்டன. இந்தியாவின் தேசியப் பாறை இயக்கவியல் கழகம் 1988ஆம் ஆண்டில் அந்த ஊரிலேயே தொடங்கப்பட்டதும் தற்செயல் அல்ல.

அதே தங்கவயலில், பயன்பாட்டில் இல்லாத ஒரு சுரங்கப் பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் 1980களில் ஒரு சோதனை நடத்தியது. அங்கே அணுக்கழிவு எதுவும் வைக்கப்படவில்லை. அதற்குப் பதில் மின்சார ஹீட்டரைப் பாறைத் துளைக்குள் வைத்தார்கள். கழிவு தரும் சூட்டை ஹீட்டர் தந்தது. சுற்றியுள்ள துளைகளில் கருவிகளை வைத்து, பாறை எப்படிச் சூடாகிறது, எப்படி நகர்கிறது, எப்படி நெருங்குகிறது என்று எட்டு ஆண்டுகள் அளந்தார்கள். கழிவுக்கு முன்னால் கருவி போக வேண்டும் என்ற முறை அங்கே சரியாகவே பின்பற்றப்பட்டது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போனது, ஊர் வாடியது. பிறகு 2012ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அதன் அணுக்கழிவைக் கோலார் சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. தங்கவயல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைகளை அடைத்தார்கள். அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று மத்திய அரசு பின்னர் விளக்கம் தந்தது. இந்தியாவில் இன்றுவரை அணுக்கழிவுக்கான ஆழ்நிலக் கிடங்கு எதுவும் திறக்கப்படவில்லை.

அந்த மக்களின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பாறை வெடித்தால் என்ன ஆகும் என்பதை அவர்களைவிட அனுபவத்தில் அறிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. எட்டு ஆண்டுகள் அந்தப் பாறையில் அளந்த எண்கள் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாறைமேல் குடியிருக்கும் மக்களோ தங்கள் ஊரின் பெயரை நீதிமன்றச் செய்தியில் படித்தார்கள்.

எண் சொன்னது, மனிதர் கேட்கவில்லை

கருவி இருந்தால் போதுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து பேருந்தில் ஏறினால் சில நிமிடங்களில் வந்துவிடும் இடம் நிக்கல் நெடுஞ்சாலை.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, பிற்பகல் மூன்றரை மணி. வட்டப் பாதை ரயிலுக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருந்த பள்ளத்தின் சுவர்கள் இடிந்து உள்ளே விழுந்தன. நெடுஞ்சாலையே சரிந்தது. நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருவர் தம் கீழ் வேலை செய்தவர்களை மேலே ஏறி ஓடச் செய்த மேற்பார்வையாளர். அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அந்தப் பள்ளத்தில் கருவிகள் இல்லாமல் இல்லை. சுவர் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் கருவி இருந்தது. இரும்புத் தாங்கிகளின் சுமையை அளக்கும் கருவியும் இருந்தது. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 2005ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் வடிவமைப்புப் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டன. அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. சுவரின் சாய்வு, முதலில் கணித்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. அப்போது வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேடியிருக்க வேண்டும். அதற்குப் பதில் கணக்கைத் திரும்பப் போட்டு எல்லையை உயர்த்தினார்கள். சுவர் அதையும் தாண்டியது. விபத்து நடந்த அன்று காலையிலிருந்தே தாங்கிகள் இருந்த பக்கமிருந்து உலோகம் அதிரும் ஒலி கேட்டது. இரும்பு வளைந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் இருந்தார்கள். வேலை நடந்துகொண்டே இருந்தது.

கருவி அங்கே பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை. நடந்த குளறுபடியின் சாரம் இதுதான்.

விபத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் ஆழமான பள்ளம் தோண்டுவதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. வடிவமைப்பைச் சுயேச்சையான வேறொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும், கருவி எல்லையைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு வலுப்பட்டது. நால்வர் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடம் அது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவில் கூடும் தமிழக இளைஞர்களில் பலர் இப்படிப்பட்ட பள்ளங்களில் வேலை செய்பவர்கள். எல்லைக் கோட்டை யார் எங்கே வைக்கிறார் என்பது அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள் அல்ல. மறுநாள் காலை அவர்கள் இறங்க வேண்டிய இடம் அது.

ஜெர்மனி தரும் எச்சரிக்கை

பள்ளத்தில் தவறினால் அன்றே தெரிந்துவிடும். அணுக்கழிவுக் கிடங்கில் தவறினால் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கம் இதற்கு உதாரணம்.

1967 முதல் 1978 வரை, அந்தப் பழைய சுரங்கத்துக்குள் குறைந்த, நடுத்தரக் கதிரியக்கமுள்ள கழிவு நிரம்பிய சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். உப்புப் பாறை உலர்ந்தது, தண்ணீர் வராது என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் அது கிடங்குக்காகத் திட்டமிட்டுக் குடைந்த குகை அல்ல. உப்பு எடுத்துக் காலியான சுரங்கம். சுவர்கள் வளைந்தன. 1988ஆம் ஆண்டிலிருந்து தண்ணீர் உள்ளே வருவது தெரிந்தது. நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர் உப்புநீரைப் பிடித்து வெளியேற்ற வேண்டிய நிலை. கடைசியில் 2013ஆம் ஆண்டில், அந்தப் பீப்பாய்களையெல்லாம் திரும்ப மேலே எடுக்க வேண்டும் என்று ஜெர்மனி சட்டமே இயற்றியது. உள்ளே போட்டது பதினோரு ஆண்டில் முடிந்த வேலை. வெளியே எடுப்பது பல பத்தாண்டு வேலை.

ஆஸ்ஸே செய்த பெரும் தவறு, அளப்பதற்கு முன்பே நிரப்பியது. தங்கவயல் சோதனையில் கருவி முதலில் போனது. ஆஸ்ஸேயில் கழிவு முதலில் போனது.

கருவிக்கும் ஆயுள் உண்டு

இனி, விஞ்ஞானிகளையே தடுமாற வைக்கும் கேள்விக்கு வரலாம். கிடங்கை மூடிய பிறகு யார் அளப்பார்கள்?

கருவிக்கு மின்சாரம் வேண்டும். கேபிள் வேண்டும். பாறைக்குள் சூடு, ஈரம், உப்பு, கதிரியக்கம் எல்லாம் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் மலைக்குள் இதற்கென்றே ஒரு சோதனை நடத்தினார்கள். கருங்கல் குகைக்குள் ஹீட்டர்களை வைத்து, சுற்றிலும் ‘பெண்டனைட்’ என்ற, நீர் பட்டால் உப்பும் களிமண்ணை அடைத்து, நூற்றுக்கணக்கான கருவிகளைப் பதித்தார்கள். 1997ஆம் ஆண்டில் ஹீட்டரைப் போட்டார்கள். களிமண்ணைத் தொடும் இடத்தில் 100 டிகிரி செல்சியஸ் சூடு. 2015ஆம் ஆண்டில் கடைசி ஹீட்டரை நிறுத்திப் பிரித்துப் பார்த்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த கருவிகளும் இருந்தன, நடுவிலேயே ஊமையான கருவிகளும் இருந்தன. பதினெட்டு ஆண்டுக்கே இந்தக் கதை என்றால், நூறு ஆண்டுக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. கிடங்கை அடைத்து மூடும் சுவர் வழியாகக் கேபிள் வெளியே வந்தால், கேபிளை ஒட்டியே தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். காவலுக்கு வைத்த கருவியே திருடனுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் கம்பியில்லாமல், பாறையை ஊடுருவிச் செல்லும் தாழ்ந்த அதிர்வெண் காந்த அலைகள் மூலம் எண்களை வெளியே அனுப்பும் வழியை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டிலிருந்து இரண்டு கூட்டுத் திட்டங்களில் ஆராய்ந்தார்கள். அலை போகிறது. ஆனால் அனுப்பும் கருவிக்குள் இருக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டால் மாற்றுவதற்கு ஆள் போக முடியாது.

எனவே நேர்மையான விஞ்ஞானிகள் ஒன்றை மறைக்காமல் சொல்கிறார்கள். கருவிகள் லட்சம் ஆண்டு காவல் இருக்க முடியாது. முதல் நூறு, இருநூறு ஆண்டுக்குத்தான் அவை துணை. ஒன்கலோவையே அடுத்த நூற்றாண்டின் 2120களில்தான் மூடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதுவரை கிடைக்கும் எண்கள், பாறை பற்றிப் போட்ட கணக்கு சரியா தவறா என்று காட்டிவிட வேண்டும். தவறு என்று தெரிந்தால் திரும்ப எடுக்க அப்போது இன்னும் வழி இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சிங்கப்பூருக்குப் பாறை புதியது அல்ல. மண்டாயில் பழைய கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஜூரோங் தீவில் 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒன்பது மாடி உயரக் குகைகளில் எண்ணெய் வகைகளைச் சேமிக்கிறார்கள். 2014ஆம் ஆண்டில் திறந்துவைத்தார் அன்றைய பிரதமர் லீ சியன் லூங். அங்கே குகையைச் சுற்றியுள்ள பாறையில் நீரின் அழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்து, எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிறார்கள். அந்த அழுத்தம் குறைந்ததா கூடியதா என்று கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாறையைக் குடைவதிலும் அளப்பதிலும் இங்குள்ள பொறியாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் நல்ல பழக்கம் உண்டு.

ஆனால் எண்ணெய்க் குகைக்கு வெளியே எப்போதும் ஆள் இருக்கிறார். பம்பு ஓடுகிறது. வேண்டாமென்றால் எண்ணெயை எடுத்துவிடலாம். அணுக்கழிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் நாளை யாராவது, சிங்கப்பூரிலோ இந்த வட்டாரத்தில் வேறெங்கோ, அணுசக்தி பற்றிப் பேசும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று, கழிவு எங்கே போகும்? வெளிநாடு எடுத்துக்கொள்ளும் என்றால், அந்த நாட்டில் எந்த ஊர், அந்த ஊர் மக்களுக்கு அது தெரியுமா? தங்கவயலை மறந்துவிடக் கூடாது.

இரண்டு, அந்தப் பாறையைக் கழிவு வருவதற்கு முன்பு எத்தனை ஆண்டு அளந்தார்கள்?

மூன்று, கருவி காட்டும் எண்களை யார் பார்க்கலாம்? கட்டியவர் மட்டுமா, பொதுமக்களுமா?

நான்கு, எண் எல்லையைத் தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? எல்லையை உயர்த்தும் அதிகாரமும் அதே ஆளிடம் இருக்கிறதா? இருந்தால், நிக்கல் நெடுஞ்சாலையின் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை என்று பொருள்.

இவை பொறியாளர்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல. கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுபவரும் கேட்கலாம். வைத்தியரிடம் போனால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்காமல் யாரும் வருவதில்லை. எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் எவ்வளவு இருந்தது, இப்போது ஏன் கூடியது என்று மருத்துவரையே மடக்குகிறார்கள். பாறையின் எண்ணையும் அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை சிராங்கூன் ரோட்டில் நடக்கும்போது கடைவீட்டுச் சுவரில் ஒரு கண்ணாடிக் கட்டி கண்ணில் பட்டால், பிள்ளைகளுக்கு அதைக் காட்டி அது என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். அந்தக் கருவி தரும் எண்ணைப் படிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும், படித்ததைச் சொல்லத் தைரியம் இருக்க வேண்டும், சொன்னால் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த விவகாரம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள்.